கம்ப்யூட்டரிடம் தோற்றவர், கம்ப்யூட்டருக்காக வாதாடுகிறார்!

1997-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி.

நியூயார்க் நகரில் வானளாவிய ஒரு கட்டடத்தின் 35-வது மாடி. சிறிய அறை. நடுவில் ஒரு சதுரங்கப் பலகை. ஒரு பக்கம் அடர்ந்த புருவமும் கூரிய பார்வையும் உடைய ஒரு மனிதர். வயது 34. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டக்காரர் அல்ல, கம்பெனி சிப்பந்தி. பக்கத்திலிருந்த திரையில் என்ன நகர்த்தல் தெரிகிறதோ, அதன்படி காயை எடுத்து வைப்பது ஒன்றே அவருடைய வேலை. உண்மையான எதிராளி வேறோர் அறையில் நின்றது. அதன் எடை 1.4 டன். ஒரு வினாடிக்கு 20 கோடி ஆட்ட நிலைகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடிய யந்திரம் அது.

19 நகர்த்தல்கள்தான் ஆகியிருந்தன. சுமார் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த மனிதர் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். கைகளை விரித்தபடி வெளியே நடந்தார்.

அவர்தான் காரி காஸ்பரோவ். 1985 முதல் சதுரங்க உலகின் முடிசூடிய ராஜா. ஒரு முழுப் பந்தயத்தில் யந்திரத்திடம் தோற்ற முதல் உலக சாம்பியன் என்ற பெயரும் அன்று அவருக்கே கிடைத்தது. யாரும் ஆசைப்படாத பட்டம்!

அன்று அவர் யந்திரத்தின் மீதும், அதைச் செய்த ஐ.பி.எம். கம்பெனியின் மீதும் சீறி விழுந்தார். அதே மனிதர் இன்று ஊர் ஊராகப் போய் என்ன பேசுகிறார் தெரியுமா? “கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படாதீர்கள்; அதை வைத்திருக்கும் மனிதன் யார் என்று பாருங்கள்” என்ற பொருள்படத்தான் பேசுகிறார்.

காஸ்பரோவுக்கு எல்லா விஷயத்திலும் அபிப்பிராயம் உண்டு. ஆட்டம், யந்திரம், இன்டர்நெட், அரசியல் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வார். சில சமயம் கேட்காமலே சொல்வார். அவருடைய அபிப்பிராயங்களில் சில பலித்திருக்கின்றன. சில படு தோல்வி அடைந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் அநேகத்துக்கு அவர் ஒரு விலை கொடுத்திருக்கிறார். ஆகையால் வெறும் வாய்ப்பந்தல் என்று தள்ளிவிட முடியாது.

தவளை விளையாட்டு

காஸ்பரோவ் பிறந்தது 1963-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. அன்று சோவியத் ருஷ்யாவைச் சேர்ந்திருந்த அஜர்பைஜான் நாட்டுத் தலைநகரான பாகூவில். தகப்பனார் யூதர், பெயர் கிம் வைன்ஸ்டைன். தாயார் கிளாரா ஆர்மீனியப் பெண். பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தகப்பனார் ரத்தப் புற்றுநோயால் இறந்து போனார். 12-வது வயதில் தாயார் வீட்டுப் பெயரைப் பையன் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். தாயார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகனும் சதுரங்கமுமே அவருடைய உலகம். “நீ செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?” என்ற கருத்துள்ள வாசகம் ஒன்றை எழுதி மகனுடைய அறையில் அவர் மாட்டி வைத்திருந்தாராம். பின்னாளில் மகன் செய்த பல காரியங்களுக்கு அந்த வாசகம்தான் காரணமோ என்று தோன்றுகிறது.

சதுரங்கம் கற்றுக் கொடுத்த குரு மிகையீல் போட்வின்னிக். அவர் உலக சாம்பியன் மட்டுமல்ல, மின்சார எஞ்சினீயரும்கூட. கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். எனவே சிஷ்யப் பிள்ளைக்கும் யந்திரத்தின் மேல் சிறு வயதிலேயே ஓர் ஆவல் பிறந்ததில் வியப்பில்லை.

1980-களின் தொடக்கத்தில் காஸ்பரோவுக்கு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கிடைத்தது. அந்தக் காலத்தில் பாகூவில் அது யானை வளர்ப்பதற்குச் சமம். ஜெர்மனியிலுள்ள பத்திரிகையாளர் நண்பர் ஒருவர் அதில் போட்டு ஆட விளையாட்டுகளை அனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்று, ஒரு தவளையைச் சாலையில் வண்டிகளுக்கு அடிபடாமல் அக்கரை சேர்க்கும் விளையாட்டு. உலக சாம்பியன் பட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வீரர், தவளையைத் தாண்ட வைப்பதில் மணிக்கணக்காக மூழ்கிப் போனார். அந்த ஊரில் தனக்குப் போட்டியே இல்லை என்ற பெருமை வேறு.

பிறகு ஜெர்மனிக்குப் போனபோது நண்பரிடம் தன் எண்ணிக்கையைச் சொல்லி மார் தட்டினார். நண்பர் சிரித்தார். பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகாத தம் பிள்ளையைக் கூப்பிட்டு ஆடச் சொன்னார். அந்தப் பொடியன் சாம்பியனின் எண்ணிக்கையை அநாயாசமாகத் தாண்டிவிட்டான்!

காஸ்பரோவ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அன்று அவர் யோசித்தது வேறு. மேல்நாட்டுக் குழந்தைகள் தவழும்போதே கம்ப்யூட்டரோடு வளர்கிறார்கள்; நம் நாட்டுப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. சில காலத்துக்குள் அடாரி கம்பெனியோடு பேசி, 50-க்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களை மாஸ்கோவுக்கு வரவழைத்து, சிறுவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். நகல் எடுக்கும் யந்திரத்தைக்கூடப் பூட்டுப் போட்டு வைத்திருந்த சர்க்கார் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

“பிள்ளைகள் விளையாட்டில் பொழுதை வீணாக்குகிறார்கள்” என்று பெரியவர்கள் அங்கலாய்க்கும்போது காஸ்பரோவ் அவ்வளவாகச் சேர்ந்துகொள்ளாததற்கு இதுதான் காரணம். தவளை விளையாட்டில் தோற்ற மனிதர் அல்லவா?

32 யந்திரங்களும் ஒரு யந்திரமும்

1985 ஜூன் மாதம் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஒரு வேடிக்கை நடந்தது. நான்கு கம்பெனிகளின் 32 சதுரங்கக் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, காஸ்பரோவ் ஒவ்வொன்றாக நடந்து நடந்து ஆடினார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடிவு: 32-க்கு 32. ஒரு சமன்கூட இல்லை.

அப்போது யாருக்கும் அது அதிசயமாகத் தோன்றவில்லை. யந்திரம் தோற்பதுதானே இயற்கை!

பன்னிரண்டே ஆண்டுகள். 1996-ல் பிலடெல்பியா நகரில் ஐ.பி.எம். கம்பெனியின் ‘டீப் ப்ளூ’ முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. ஆனாலும் பந்தயத்தை 4-2 என்று காஸ்பரோவ் வென்றார். மறு ஆண்டு நியூயார்க்கில் மறு பந்தயம். ஆறு ஆட்டங்கள். ஜெயித்தால் 7 லட்சம் டாலர்; தோற்றால் 4 லட்சம்.

முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு. இரண்டாவது ஆட்டத்தில்தான் வினை வந்தது. ஒரு கட்டத்தில், எளிதாகச் சிப்பாய்களைப் பிடிக்கலாமே என்று யந்திரத்துக்கு அவர் ஆசை காட்டினார். முந்தைய யந்திரங்களெல்லாம் அந்த மாதிரி இடத்தில் பேராசைக்காரன் போலப் பாய்ந்துவிடும். இது பாயவில்லை. சாவதானமாக வேறு ஒரு நகர்த்தல் செய்து அவருடைய வாசல்களை எல்லாம் அடைத்தது. ‘இது யந்திரத்தின் புத்தியல்ல, யாரோ மனிதன் உள்ளே கை வைக்கிறான்’ என்ற சந்தேகம் காஸ்பரோவின் மனத்தில் நுழைந்தது. மனம் கலங்கிய நிலையில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார்.

உண்மையில் அந்த ஆட்டத்தைச் சமன் செய்ய வழி இருந்தது! மறுநாள் சாப்பிடப் போகும் வழியில் உடன் வந்தவர்கள் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். காஸ்பரோவ் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். யந்திரத்துக்கு அடிபணிந்தது போதாதென்று, தோற்காத ஆட்டத்தில் தோற்றோம் என்பது அவரை உள்ளே அரித்தது. அடுத்த மூன்று ஆட்டங்களும் சமன். ஆறாவது ஆட்டத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆரம்ப வரிசையில் ஒரு சிப்பாயை முன்பின்னாகத் தள்ளினார். யந்திரம் குதிரையைப் பலி கொடுத்தது. அத்துடன் கதை முடிந்தது. மூன்றரைக்கு இரண்டரை.

இதில் ஒரு சூட்சுமம். அந்தக் குதிரைப் பலி, யந்திரம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. கம்பெனி அமர்த்தியிருந்த சதுரங்க நிபுணர்கள், ‘இப்படி வந்தால் இப்படிப் போடு’ என்று முன்கூட்டியே அதன் ஞாபகத்தில் எழுதி வைத்திருந்த ஆரம்ப ஆட்டங்களில் ஒன்று அது.

பந்தயம் முடிந்ததும் காஸ்பரோவ் கோபத்தில் கொதித்தார். 1986 உலகக் கால்பந்துப் போட்டியில் அர்ஜென்டினாவின் மரடோனா கையால் பந்தைத் தட்டிக் கோல் போட்டு, ‘கடவுளின் கை’ என்று சொன்னாரே, அதோடு ஒப்பிட்டுப் பேசினார். யந்திரம் எப்படி யோசித்தது என்ற பதிவேட்டைக் காட்டு என்றார். கம்பெனி உடனே காட்டவில்லை. பிற்பாடு இன்டர்நெட்டில் வெளியிட்டது. மறு பந்தயம் கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. டீப் ப்ளூ ஓய்வு பெற்று, இரண்டு பாகமாகி, இரண்டு அமெரிக்கக் காட்சிசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2017-ல் காஸ்பரோவ் அந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்காகப் பழைய ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு நகர்த்தலாகப் பரிசோதித்தார். பரிசோதனையின் முடிவு அவருக்கே பிடித்திருக்காது. தாமும் மோசமாக ஆடினோம், யந்திரமும் அன்று நினைத்த அளவு பிரமாதமாக ஆடவில்லை என்று கண்டார். மோசடி என்று அன்று சொன்னதைப் பெரும்பாலும் விட்டுக் கொடுத்தார். தோல்வியைத் தாங்கும் பக்குவம் தமக்கு இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். கம்பெனியின் நடத்தையைப் பற்றிய மனக்குறை மட்டும் போகவில்லை.

இருபது ஆண்டு கழித்துப் பழைய கோபத்தைத் தாமே ஒரு முறை எடை போட்டுப் பார்த்து, எடை குறைவு என்று ஊரறியச் சொல்லும் மனிதர்கள் எத்தனை பேர்?

டீப் ப்ளூ புத்திசாலியா என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் ருசிகரமானது. நேரத்துக்கு மணியடிக்கும் கடிகாரம் எவ்வளவு புத்திசாலியோ அவ்வளவுதான் என்பார். ஆனால் கோடி டாலர் கடிகாரத்திடம் தோற்றாலும் தோல்வி தோல்விதான் என்று சேர்த்துக்கொள்வார். இன்று சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோனில் ஓடும் சதுரங்க நிரல் டீப் ப்ளூவைத் தோற்கடித்துவிடும்.

லிப்டில் ஏறப் பயந்தவர்கள்

செயற்கை அறிவு வந்து எல்லோருடைய வேலையையும் பறித்துவிடும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் காஸ்பரோவ் ஒரு கதை சொல்கிறார்.

நியூயார்க்கின் மாடிக் கட்டடங்களில் ஒரு காலத்தில் லிப்டை ஓட்ட ஆள் இருந்தார்கள். தானாக ஓடும் லிப்ட் செய்யும் வித்தை எப்போதோ வந்துவிட்டது. ஆனால் ஓட்டுகிற ஆள் இல்லாத பெட்டியில் ஏற ஜனங்களுக்குப் பயம். 1945-ல் லிப்ட் ஓட்டிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நகரமே ஸ்தம்பித்தது. மாடிப்படி ஏறி ஏறி மூச்சு வாங்கிய பிறகுதான், பொத்தானை அமுக்கிவிட்டு நாமே போகலாமே என்ற தைரியம் மெள்ள மெள்ள வந்தது.

‘இன்றைய பயமும் அந்த வகைதான்’ என்பது அவர் கட்சி. வேலை போன லிப்ட் ஓட்டிகளின் கதி என்ன என்று கேட்டால், புதிய வேலைகள் வரும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார். இந்த இடத்தில் அவர் பேச்சு கொஞ்சம் வசதியானவர் பேச்சாகத்தான் இருக்கிறது. தோற்றவருக்கும் 4 லட்சம் டாலர் கிடைக்கும் பந்தயம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் அவர் வெறுமே பேசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. தோற்ற மறு ஆண்டே, 1998-ல், ஸ்பெயின் நாட்டில் லியோன் நகரில் ஒரு புது மாதிரிப் பந்தயம் ஆடிக் காட்டினார். ஆட்டக்காரர் இருவர், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கம்ப்யூட்டர். வேண்டியபோது அதைக் கேட்டுக்கொள்ளலாம். எதிராளி பல்கேரியாவின் தோபலோவ். சற்று முன்புதான் துரித ஆட்டத்தில் அவரை 4-0 என்று காஸ்பரோவ் துவைத்தெடுத்திருந்தார். கம்ப்யூட்டர் துணையோடு ஆடியபோதோ 3-3. யந்திரம் பலவீனனைத் தூக்கி நிறுத்துகிறது என்று கண்டுகொண்டார்.

2005-ல் இன்டர்நெட்டில் நடந்த ஒரு போட்டி அதைவிட அதிசயம். மனிதர், யந்திரம், இரண்டும் சேர்ந்த கூட்டணி, யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றார்கள். பெரிய பெரிய வீரர்கள் பெரிய பெரிய யந்திரங்களோடு வந்தார்கள். ஜெயித்தவர்கள் யார்? அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு சாதாரண ஆட்டக்காரர்கள். கையில் மூன்று கம்ப்யூட்டர்கள். எந்தச் சமயத்தில் எந்த யந்திரத்தை எப்படிக் கேட்பது என்ற பக்குவம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாதாரண மனிதனும் யந்திரமும் நல்ல முறையோடு சேர்ந்தால், முறை தெரியாத மேதையையும் பெரிய யந்திரத்தையும் வெல்லலாம் என்று காஸ்பரோவ் இதிலிருந்து ஒரு விதியே வகுத்துவிட்டார். சதுரங்கத்தைப் பொறுத்தவரை அந்த விதிக்கு இப்போது வயதாகிவிட்டது. யந்திரங்கள் வளர்ந்த வேகத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதனால் அவற்றுக்கு உதவியைவிட உபத்திரவமே அதிகம். மற்றத் தொழில்களில் அது இன்னும் செல்லுபடியாகிறது.

50,000 பேரோடு ஓர் ஆட்டம்

இன்டர்நெட் பற்றிக் காஸ்பரோவுக்கு உள்ள அபிப்பிராயமும் ஆட்டப் பலகையிலிருந்து பிறந்ததுதான்.

1999 ஜூன் 21-ந் தேதி. மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தது. ஒரு பக்கம் காஸ்பரோவ். மறு பக்கம் உலகம்! 75-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000-க்கு அதிகமானவர்கள் இன்டர்நெட்டில் ஓட்டுப் போட்டு, பெரும்பான்மை எதுவோ அதையே தங்கள் நகர்த்தலாக வைத்தார்கள். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள். யோசனை சொல்ல நான்கு இளம் வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் 15 வயதுப் பெண் இரினா குருஷ் ராப்பகலாக உழைத்தாள்.

ஆரம்பத்தில் பெரிய கடினமாக இராது என்றுதான் சாம்பியன் நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டம் நான்கு மாதம் இழுத்தது. வாழ்நாளில் வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு மூளையைச் செலவிட்டதில்லை என்று பிறகு சொன்னார். முன்பின் அறியாத 50,000 பேர் கூடி ஒரு மேதையைத் திணற அடித்தார்கள்! இன்டர்நெட்டால் என்னென்ன முடியும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் வேண்டியதில்லை.

அழகின் கூடவே அழுக்கும் வந்தது. முடிவு நெருங்கிய சமயத்தில் ஒருவர், தாம் கள்ள ஓட்டுப் போட்டு ஒரு நகர்த்தலை மாற்றிவிட்டதாகப் பெருமை அடித்துக்கொண்டார். பிறகு 58-வது நகர்த்தலில் இரினாவின் யோசனை நேரத்துக்கு வந்து சேரவில்லை. பலவீனமான நகர்த்தல் ஓட்டில் ஜெயித்துவிட்டது. ஆத்திரம், வசை, சந்தேகம். அக்டோபர் 22-ந் தேதி 62-வது நகர்த்தலோடு உலகம் தோற்றது.

இன்று இன்டர்நெட்டில் தினமும் நடப்பதன் சின்ன உருவம் அது என்று சொல்லலாம். காஸ்பரோவ் சோவியத் நாட்டில் வளர்ந்தவர். பழைய சர்வாதிகாரிகள் உண்மையை ஒளித்து வைத்தார்கள். புதிய சர்வாதிகாரிகளுக்கு ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் பொய்களைச் சேர்த்துக் கொட்டி, ‘எது நிஜமோ, யார் கண்டது!’ என்று ஜனங்களைச் சலிப்படைய வைத்தால் போதும் என்கிறார். இந்தக் கருத்தை அவர் 2016 டிசம்பரில் இரண்டே வரியில் எழுதினார். அதை இன்றைக்கும் உலகெங்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். கையிலுள்ள டெலிபோனில் காலையில் வரும் செய்திகளைப் பார்க்கிற எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சறுக்கிய இடங்கள்

மனிதர் சொன்னதெல்லாம் வேத வாக்கு என்று எண்ணிவிட வேண்டாம்.

பெண்களால் உச்சத்தில் ஆட முடியாது என்று 1989-ல் ஒரு பேட்டியில் இளக்காரமாகப் பேசினார். 2002-ல் மாஸ்கோவில் ஹங்கேரி நாட்டுப் பெண் ஜூடித் போல்கர் துரித ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். காஸ்பரோவ் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கொஞ்சம் முன்னதாகவே மாற்றிக்கொண்டிருக்கலாம்.

1993-ல் உலகச் சதுரங்க சம்மேளனத்தோடு சண்டை போட்டுக்கொண்டு தனி ஸ்தாபனம் கண்டார். சாம்பியன் பட்டம் இரண்டாக உடைந்து 13 ஆண்டுகள் கிடந்தது. தம் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு இதுவே என்று பின்னர் அவரே சொன்னார்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. 2016 முதல் ‘அவாஸ்ட்’ என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியின் தூதராக இருந்து, நம் அந்தரங்கத் தகவல்களைக் காப்பது பற்றி ஏராளமாக எழுதினார். அந்தக் கம்பெனியின் கிளை நிறுவனம் ஒன்றே, வாடிக்கையாளர்கள் இன்டர்நெட்டில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை விற்று வந்தது 2020-ல் அம்பலமாயிற்று. கிளை மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்க சர்க்கார் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. ‘யந்திரம் அல்ல, அதை வைத்திருக்கும் மனிதன்தான் முக்கியம்’ என்ற அவருடைய பேச்சுக்கு அவர் பக்கத்து வீட்டிலேயே சாட்சி கிடைத்துவிட்டது!

107-வது மாடியில் சென்னைக்காரர்

சதுரங்கப் பிரியர்களுக்குக் காஸ்பரோவ் என்றதும் விஸ்வநாதன் ஆனந்த் ஞாபகம் வரும். 1995 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் இருவரும் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் சமன். ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். சென்னையில் பட்டாசு வெடிக்காத குறைதான். பத்தாவதிலேயே காஸ்பரோவ் திருப்பி அடித்தார். முடிவில் பத்தரைக்கு ஏழரை என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த மாடியும் அந்தக் கட்டடமும் ஆறு ஆண்டுக்குப் பின் அதே தேதியில் தரைமட்டமானதை உலகம் அறியும்.

2024 ஏப்ரலில் டொரன்டோ நகரில் 17 வயதுச் சென்னைப் பையன் குகேஷ் முதலிடம் பெற்றபோது, இதை ஒரு பூகம்பம் என்று வருணித்த காஸ்பரோவ், ஆனந்தின் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள் என்று குதூகலமாக எழுதினார். அவர் குதூகலித்த காரியம் அவருடைய சாதனைக்கே உலை வைத்தது. 22 வயதில் சாம்பியனானவர் என்ற காஸ்பரோவின் சாதனையை அதே ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் 18 வயதுக் குகேஷ் முறியடித்தார்.

பலகையால் விழுந்த அடி

இனி அரசியல். காஸ்பரோவின் மற்ற அபிப்பிராயங்களுக்கு அவர் பணத்தாலோ பெயராலோ விலை கொடுத்தார். இதற்குக் கொடுத்தது நாட்டை.

முதல் பாடம் 1985-ல். அனதோலி கார்ப்போவ் அப்போது உலக சாம்பியன். சோவியத் சர்க்காரின் செல்லப் பிள்ளை. முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்கே பட்டம் என்று 1984 செப்டம்பரில் பந்தயம் தொடங்கிற்று. 27 ஆட்டங்களில் கார்ப்போவ் 5-0. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. சமன், சமன், சமன் என்று மாதக்கணக்கில் போயிற்று. காஸ்பரோவ் ஒன்று ஜெயித்தார். பிறகு வரிசையாக இன்னும் இரண்டு. கார்ப்போவ் இளைத்துத் துரும்பாகிவிட்டார். 48 ஆட்டங்கள் ஆன நிலையில், 1985 பிப்ரவரி 15-ந் தேதி சம்மேளனத் தலைவர் பந்தயத்தை ரத்து செய்தார். ஆட்டக்காரர்களின் உடல்நலம் காரணமாம்! ஜெயிக்கத் தொடங்கியவனை மேஜையிலிருந்து எழுப்பும் வித்தையைக் காஸ்பரோவ் அன்று நேரில் பார்த்தார். அந்த ஆண்டு நவம்பரில் மறுபடி ஆடிப் பட்டத்தைப் பிடித்தார் என்பது வேறு விஷயம்.

அவரும் 1984-ல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990 ஜனவரியில் பாகூவில் ஆர்மீனியர்களை வேட்டையாடிக் கொன்றார்கள். தனி விமானம் அமர்த்திக் குடும்பத்தோடு தப்பி வந்தார். பிறந்த ஊர் அத்துடன் போயிற்று. அதே ஆண்டு கட்சியையும் விட்டார்.

2005 மார்ச் மாதம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, ஜனாதிபதி புடினை எதிர்த்து முழுநேர அரசியலில் குதித்தார். அடுத்த மாதமே ஓர் இளைஞன் சதுரங்கப் பலகையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். கையெழுத்துப் போட்டார். அந்தப் பலகையாலேயே அவர் தலையில் ஒரு போடு போட்டான்! சோவியத் நாட்டில் ஜனங்கள் விரும்பிய ஆட்டம் சதுரங்கம். நல்ல காலம், பேஸ்பால் மட்டையாக இல்லை என்று காஸ்பரோவ் தமாஷ் செய்தார்.

தமாஷுக்கு இடமில்லாத காலம் வந்தது. 2007 நவம்பர் 24-ந் தேதி மாஸ்கோவில் ஊர்வலம் போனதற்காக ஐந்து நாள் காவலில் வைக்கப்பட்டார். அப்போது சிறை வாசலுக்கு ஒருவர் பார்க்க வந்தார். வேறு யாருமில்லை, கார்ப்போவ்! இருபது ஆண்டுக்கு மேலாக ஒருவரையொருவர் ஜென்ம விரோதியாகப் பாவித்தவர்கள். உள்ளே விட மறுத்துவிட்டார்கள். ஆனாலும் வந்தாரே என்பதைக் காஸ்பரோவ் மறக்கவில்லை. 2010-ல் உலகச் சம்மேளனத் தலைவர் தேர்தலில் கார்ப்போவ் நின்றபோது அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கதை இத்துடன் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார்ப்போவ் 2011-ல் புடின் கட்சியின் சார்பில் பார்லிமெண்டு உறுப்பினரானார். 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பிய நாடுகளின் தடைப் பட்டியலிலும் இடம் பெற்றார்.

2007 டிசம்பரில் காஸ்பரோவ் ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கப் பார்த்தார். ஆதரவாளர்கள் கூடி முன்மொழிய வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு மாஸ்கோவில் ஒரு மண்டபம்கூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. விலகிக்கொண்டார். 2008-ல் அவர் பேசிய ஒரு கூட்டத்தில், வாயால் சொல்லக் கூசும் உருவத்தில் ஒரு பறக்கும் பொம்மையை யாரோ அவர் முகத்துக்கு நேரே விட்டார்கள். காவலர் அதை அறைந்து கீழே தள்ளினார். அந்தக் காட்சியை லட்சக்கணக்கானவர்கள் இன்டர்நெட்டில் பார்த்துச் சிரித்தார்கள். வாதத்துக்குப் பதில் வாதம் வேண்டாம், சிரிப்பு மூட்டினால் போதும் என்று கண்டுகொண்ட காலம் அது.

2012 ஆகஸ்டில் ஒரு கோர்ட்டு வாசலில் நின்று பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தவரைப் போலீசார் தூக்கி வண்டியில் போட்டார்கள். போலீஸ்காரரின் விரலைக் கடித்துவிட்டார் என்று புகார் வேறு! ஒரு வாரத்தில் விடுதலையானார். மறு ஆண்டு வெளிநாடு போனவர், திரும்பினால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பயந்து நாடு திரும்பவில்லை. 2014-ல் குரோஷியா நாட்டுப் பிரஜையானார். குடியிருப்பது நியூயார்க்கில்.

2015-ல் வெளியான ஒரு புத்தகத்தில், கிரிமியாவைப் பிடித்ததோடு புடின் நிற்க மாட்டார், இன்று விட்டுக் கொடுத்தால் நாளை பெரிய யுத்தம் வரும் என்று எழுதினார். தோற்றுப்போன அரசியல்வாதியின் புலம்பல் என்று அதை ஒதுக்கினவர்கள் பலர். 2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. தாம் சொன்ன அபிப்பிராயங்களிலேயே, பலிக்காமல் போயிருக்கக் கூடாதா என்று காஸ்பரோவ் நினைத்திருக்கக் கூடியது இது ஒன்றுதான்.

சிறு வயதில் அறையில் வாசகம் மாட்டி வைத்த தாயார் கிளாரா மாஸ்கோவிலேயே இருந்தார். ஒவ்வொரு பந்தயத்திலும் மகனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். 2020 டிசம்பரில் கொரோனாவில் இறந்தார். மகன் அந்த ஊருக்குள் காலடி வைக்க முடியாத நிலையில் இருந்தார்.

2024 மார்ச் மாதம் ருஷ்ய சர்க்கார் பயங்கரவாதிகள், தீவிரவாதிகள் ஜாபிதாவில் காஸ்பரோவின் பெயரைச் சேர்த்தது. அதில் பெயர் ஏறினால் அந்த நாட்டு பாங்குகள் கணக்கை முடக்கிவிடும்.

2025 அக்டோபரில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள சதுரங்க மண்டபத்தில், 62 வயதுக் காஸ்பரோவும் 55 வயது ஆனந்தும் முப்பது ஆண்டுக்குப் பின் மறுபடி ஒரு பந்தயம் ஆடினார்கள். ராஜாவும் ராணியும் யானையும் வழக்கமான இடத்தில் இல்லை. சீட்டுக் குலுக்கினாற்போல் பின் வரிசைக் காய்களை மாற்றி வைக்கும் புது ஆட்டம் அது. மொத்தம் 960 விதமாக வைக்கலாம். கம்ப்யூட்டரில் உருப்போட்டு வந்த ஆரம்ப வரிசைகள் அங்கே பயன்படாது. முதல் நகர்த்தலிலிருந்து சொந்தமாக யோசிக்க வேண்டும். பந்தயத்தில் காஸ்பரோவ் ஜெயித்தார்.